பூரம் என்று எழுதிய புட்டி

சேலையூரில் அந்தச் சித்த மருத்துவ கிளினிக்கின் ஷட்டரில் யாரோ கரிக்கட்டியால் 'கொலைகாரி' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொருவன் தன் காதலியின் பெயரையும் எழுதி, அம்பு விட்டு, இதயம் வரைந்துவிட்டுப் போயிருந்தான்.

“பாத்தீங்களா மேடம், கெடச்ச எடத்த வேஸ்ட் பண்ண மாட்டான் நம்மாளு,” என்றான் பிரசன்னா.

அபிகாயில் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாதென்று வைராக்கியம் ஒன்றும் இல்லை. சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான். போன மழைக்காலத்தில் கணவன் ஐசக்கைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு எதுவும் வருவதில்லை. அழுகையும் வரவில்லை. குரோம்பேட்டையில் இருவருமாகச் சேர்ந்து நடத்திய துப்பறியும் நிறுவனத்தை இப்போது அவள் ஒருத்தியே நடத்துகிறாள். காலையில் எழுகிறாள், குளிக்கிறாள், கேஸ் பார்க்கிறாள். காபி சூடாக இருக்கிறதா என்பதை ஆவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். 'தைரியமான பொம்பளை' என்று சர்ச்சில் சொல்கிறார்கள். அது தைரியமில்லை என்பது அவளுக்கும் உதவியாளன் பிரசன்னாவுக்கும் மட்டும் தெரியும். ஐசக் விழுந்து விழுந்து சிரித்த அதே ஜோக்குகளை, காலி வீட்டில் கதவு தட்டுகிற ஆள் மாதிரி, பிரசன்னா இன்னும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பக்கவாட்டுக் கதவைத் திறந்து டாக்டர் தீபலட்சுமி அவர்களை உள்ளே விட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தூங்காத கண்கள்.

அவள் கேஸ் இதுதான். அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் சிட்டிபாபு, சேலையூரின் பழைய குடும்பம். ஏரிக்கரை நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் கடையாகி, வாடகையில் வாழ்ந்தவர். தோல் நமைச்சலுக்குத் தீபலட்சுமியிடம் மருந்து வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டவர் வாந்தியும் வயிற்றுவலியுமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து, சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார். மீதமிருந்த மருந்துப் பொட்டலத்தைப் போலீஸ் சோதனைக்கு அனுப்பியது. பொட்டலத்தில் கொடிய விஷம். கடையைக் காலி செய்யச் சொல்லி சிட்டிபாபு சண்டை போட்டதைத் தெருவே கேட்டிருந்தது. அது போதாதா. நாளை அவளுடைய முன்ஜாமீன் மனு கோர்ட்டுக்கு வருகிறது, கிடைக்காவிட்டால் கைது. அவள் கணவன் சாலமன், மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர், அபிகாயிலைத் தேடி வந்து, “என் வைஃப் ஒரு எறும்பைக் கூட மிதிக்க மாட்டா மேடம். விஷம் வெச்சவன் யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க,” என்று கேட்டிருந்தான்.

“மறுபடியும் ஒரு தடவை சொல்லுங்க டாக்டர்,” என்றாள் அபிகாயில். “மருந்துல நீங்க போட்டது என்ன?”

“பூரம். பாதரசத்துல செய்றது. சுத்தி பண்ணி, அதாவது நஞ்சை எடுத்து, ரொம்பக் கொஞ்சமா சேர்ப்போம். போலீஸ் கண்டுபிடிச்சது வீரம். அதுவும் பாதரசம்தான். அதுவும் வெள்ளைப் பொடிதான். ஆனா அது ஆளைக் கொன்னுடும்.”

“ரெண்டுக்கும் கண்ணால பாத்தா வித்தியாசம் தெரியாதா?”

“உத்துப் பாத்தாத் தெரியலாம். அன்னிக்கு நான் லேபிளைத்தான் பாத்தேன். என் கையெழுத்து. அதுக்கு மேல பாக்கத் தோணல.”

“மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக் குளோரைடு,” என்று முணுமுணுத்தாள் அபிகாயில். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தது இத்தனை வருடம் கழித்து இப்படி உதவும் என்று அவள் நினைத்ததில்லை.

“ஒரே வூட்டுப் புள்ளைங்க மாதிரி கீது பேரு,” என்றான் பிரசன்னா. “ஒண்ணு வைத்தியம் பாக்குது, ஒண்ணு கருமாதி பண்ணுது.”

அபிகாயிலின் சந்தேகம் இதுவரை சிட்டிபாபுவின் அண்ணன் மகன் பாலுவின் மேல்தான் இருந்தது. பிள்ளையில்லாத சித்தப்பாவின் சொத்துக்கு அவன்தான் வாரிசு. சித்தப்பாவுக்காக மருந்து வாங்க வந்த அன்று, டாக்டர் ஒரு போன் பேச வெளியே போனபோது, மருந்தறையில் அவன் தனியாக நின்றிருக்கிறான்.

அபிகாயில் மருந்தறைக்குள் போனாள். அலமாரி நிறையப் பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள். எல்லாவற்றிலும் கோந்து போட்டு ஒட்டிய வெள்ளைத் தாள். தாளில் மையால் எழுதிய தமிழ்ப் பெயர், அதன் கீழே சின்னதாக வேதியியல் வாய்பாடு. பூரப் புட்டியைப் போலீஸ் எடுத்துப் போயிருந்தது. அதன் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. எடுத்துப் போகும்போது சாலமன் பிடித்த போட்டோ ஒன்று அவள் போனில் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

பூரம். அதன் கீழே Hg₂Cl₂. லேபிளின் ஒரு மூலை கிழிந்திருந்தது. நான்கு ஓரத்திலும் பளபளவென்று செலோ டேப்.

“டாக்டர், நீங்க லேபிளுக்கு டேப் போடுவீங்களா?”

“மாட்டேன். பிரிஞ்சு வந்துடும்.” தீபலட்சுமி போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். “இது என் லேபிள்தான். ஆனா இந்த மூடி... என் புட்டிக்கெல்லாம் கறுப்பு மூடி. இது நீலம்.”

“லேப் பாட்டிலு மேடம்,” என்றான் பிரசன்னா எட்டிப் பார்த்து. “நான் கூரியர்ல இருந்தப்ப காலேஜுக்கெல்லாம் டெலிவரி பண்ணிகிறேன். மூடியில வளையம் வெச்சு, சீல் ஒடச்சுத் தொறக்கற மாதிரி இருக்கும்.”

ஆக, புட்டியே வேறு. இதுவரை எல்லோரும் விஷம் பொட்டலத்தில் கலக்கப்பட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கூட்டரில் குரோம்பேட்டை திரும்பும்போது பிரசன்னா தலையை ஒருக்களித்துக் கத்திப் பேசினான். ஜி.எஸ்.டி. ரோட்டில் அப்படித்தான் பேச முடியும்.

“எனக்கு ஒரே டவுட்டு மேடம். விஷம் வெக்கிறவன் பொடிய மாத்துவான். பாட்டில எதுக்கு மாத்தணும்? அதுவும் பழைய லேபிள உரிச்சு, பத்திரமா எடுத்து, டேப்பு போட்டு ஒட்டிக்கினு... கொலை பண்ண வந்தவனா, சீர்வரிசை வெக்க வந்தவனா?”

அந்தக் கேள்வி அபிகாயிலின் மண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

கல்லூரிகளுக்கு லேப் சாமான் விற்கும் கடைகள் குரோம்பேட்டையில் அதிகமில்லை. முதல் கடையில் உதட்டைப் பிதுக்கினார்கள். ஸ்டேஷன் பக்கம் சந்துக்குள் இருந்த இரண்டாவது கடையில் சவுரிமுத்து என்ற பெரியவர் உட்கார்ந்திருந்தார். விஷப் பொருளை யாருக்கு விற்றீர்கள் என்று கேட்டதும் முகம் மாறினார். அபிகாயில் கேஸைச் சொன்னாள். வக்கீலின் பெயரையும் சொன்னாள். அவர் எழுந்து மின்விசிறியைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஒருத்தர் வந்தாரும்மா. கம்பெனி ஐ.டி. கார்டு காட்டினாரு. டெஸ்டிங் லேபுக்குன்னாரு. அதை நம்பித்தான் குடுத்தேன்.”

அபிகாயில் பாலுவின் படத்தைக் காட்டினாள். “இவரா?”

“இல்ல.” பெரியவர் தயங்கவே இல்லை. “இவர் இல்லவே இல்ல.”

பிரசன்னா அவளைப் பார்த்தான். இத்தனை நாள் கட்டிய கோட்டை அந்த ஒரு சொல்லில் சரிந்தது. அவளுக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

“என்ன கேட்டார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

“மெர்குரி குளோரைடு வேணும்னாரு. நான்தான் கேட்டேன், மெர்குரி ஒன்னா, மெர்குரி டூவான்னு. ரெண்டும் வேற வேற சரக்கு, கேக்காமக் குடுக்க முடியாது இல்லையா. அவர் போனை எடுத்து எதையோ பாத்தாரு. பாத்துட்டு, 'ரெண்டு எடத்துலயும் ரெண்டுதான் போட்டிருக்கு, டூவே குடுங்க'ன்னாரு. குடுத்துட்டேன்.”

அபிகாயில் போனில் லேபிள் படத்தைத் திறந்தாள். ரெண்டு இடத்திலும் ரெண்டு. Hg₂Cl₂.

“போனை உங்ககிட்டக் காட்டினாரா?”

“காட்டல. காட்டியிருந்தா ஃபார்முலாவைப் பாத்து ஒன்னைத்தான் எடுத்துக் குடுத்திருப்பேன்.”

“ஆள் எப்படி இருந்தார்?”

“சட்டை யூனிஃபார்ம். நீலம், காலர் மட்டும் சாம்பல் கலர். வலது கையில கட்டு போட்டிருந்தாரு, கேட்டதுக்குக் கண்ணாடி கிழிச்சதுன்னாரு. ரொம்ப மரியாதையான ஆளும்மா. போகும்போது தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனாரு.”

அவள் தன் போனில் இன்னொரு படத்தைத் தேடி எடுத்தாள். தேடும்போதே தெரிந்துவிட்டது. பெரியவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“இவர்தான்.”

சாலமன். விஷம் வைத்தவனைக் கண்டுபிடிக்கச் சொல்லி அவர்களை வேலைக்கு வைத்த சாலமன்.

சந்திலிருந்து வெளியே வந்ததும் பிரசன்னா முதல்முறையாக ஜோக் எதுவும் இல்லாமல் கேட்டான். “புருஷனே வெச்சிட்டு, நம்மளயே தேடச் சொல்லிகிறானா?”

“வைக்கல. புட்டியை உடைச்சிருக்கான். லேபிளைக் காப்பாத்தி, புதுசு வாங்கி ஒட்டி வெச்சிருக்கான். போலீஸுக்குப் பயந்தவன் பாட்டிலை மாத்த மாட்டான் பிரசன்னா. பொண்டாட்டிக்குப் பயந்தவன்தான் மாத்துவான்.”

“அப்ப விஷம்?”

“பேரைத் தப்பாப் படிச்சிருக்கான். பூரத்துல ரெண்டு பாதரசம், ரெண்டு குளோரின். ஒவ்வொரு குளோரினுக்கும் ஒரு மைனஸ். அந்த ரெண்டை ரெண்டு பாதரசமும் பங்கு போட்டுக்குது, ஆளுக்கு ஒரு பிளஸ். அதனால அது மெர்குரி ஒன் குளோரைடு. வீரத்துல ஒரே பாதரசம்தான். ரெண்டு குளோரினையும் அது ஒண்ணே தாங்குது. அதனால அது மெர்குரி டூ. பேருக்கு நடுவுல போடற ரோமன் நம்பர் எத்தனை அணுன்னு சொல்றதில்ல. ஒரு அணு மேல எவ்வளவு சார்ஜுன்னு சொல்றது. இரும்பு, செம்பு, பாதரசம் மாதிரி ஒரே உலோகத்துக்கு ரெண்டு மூணு சார்ஜ் இருந்தா, அந்த நம்பர் இல்லாம பேரே முழுசு இல்ல.”

பிரசன்னா கொஞ்சம் யோசித்தான். “ஷேர் ஆட்டோல எத்தினி பேரு ஏறினான்றது வேற. தலைக்கு எவ்ளோன்றது வேற.”

“அதேதான்.”

“சாலமன் சார் தலைய எண்ணி இருக்காரு.”

“ஆமா.” சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். “பிரசன்னா, கொலைன்னா ஒருத்தரோட நின்னுடும். தப்பு நிக்காது.”

உடனே தீபலட்சுமிக்குப் போன் போட்டாள். “டாக்டர், பூரப் புட்டியிலேருந்து சிட்டிபாபுவைத் தவிர வேற யாருக்காவது மருந்து குடுத்தீங்களா?”

மறுமுனையில் நோட்டுப் புத்தகம் புரளும் சத்தம். பிறகு, மிக மெதுவாக: “செல்லியம்மாள். பெருங்களத்தூர். பழைய மருந்து முடியட்டும், அமாவாசை கழிச்சு இதை ஆரம்பிங்கன்னு சொல்லியிருந்தேன்.”

அமாவாசை நேற்றுதான் கழிந்திருந்தது.

செல்லியம்மாளின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பிரசன்னா ஸ்கூட்டரை விட்ட விதத்தை வேறொரு நாளாக இருந்தால் அவள் கண்டித்திருப்பாள். தாம்பரம் மேம்பாலத்தடியில் பஸ்களுக்கு இடையே புகுந்தான். இரும்புலியூரில் நெரிசல், நடைபாதையில் ஏறி இறங்கினான். பின்னால் உட்கார்ந்திருந்த அபிகாயில் தன்னைத் தானே தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு உயிர் போயிருக்கலாம். இப்போது போய்க்கொண்டும் இருக்கலாம். பதற வேண்டும். மார்பு அடித்துக்கொள்ள வேண்டும். ஒன்றும் இல்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே எல்லாம் கனமாக, சொரணையற்றுக் கிடந்தது. இறங்கும்போதுதான் தெரிந்தது, வழி முழுக்கப் பிரசன்னாவின் சட்டையை அவள் பிடித்திருந்த பிடியில் அதன் தையல் விட்டுப்போயிருந்தது.

செல்லியம்மாள் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டீவி ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னா வோணும்? வாடகைக்கு வூடு ஒண்ணும் காலி இல்ல.”

“அந்த சேலையூர் டாக்டர் குடுத்த மருந்து, சாப்ட்டீங்களாம்மா?”

“அத்த ஏன் கேக்குற. டீவில காமிச்சான், அந்தம்மா கொலகாரின்னு. போட்டோ போட்டு, சேப்பு வட்டம் போட்டு. அப்பவே தூக்கிக் கடாசிட்டேன். கண்ட கண்ட போனா வருதுன்னு போனையும் ஆஃப் பண்ணி வெச்சுட்டேன்.”

அபிகாயில் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“பொய்யச் சொல்லி ஒரு உசுரக் காப்பாத்திகிறான் டீவிக்காரன்,” என்றான் பிரசன்னா. “எங்கம்மா கடாசின?”

“பின்னாடி குப்பக் கவர்ல. வண்டி இன்னும் வர்ல.”

மருந்துப் பொட்டலம் வாழைப்பழத் தோலுக்கு அடியில் பிரிக்கப்படாமலே கிடந்தது. கைக்குட்டையில் சுற்றி அதை எடுத்து வைத்துக்கொண்டாள் அபிகாயில். பாலு நெருங்கவே முடியாத ஒரு பொட்டலம். விஷம் புட்டியிலிருந்தே வந்தது என்பதற்கு அது போதும்.

மறைமலை நகர் கம்பெனி பஸ்ஸிலிருந்து சாலமன் இறங்கி கிளினிக்குக்கு வந்தபோது வெயில் இன்னும் சாயவில்லை. நீலச் சட்டை, சாம்பல் காலர். உள்ளே மூவரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். “ஏதாவது தெரிஞ்சுதா மேடம்?”

தீபலட்சுமிக்கு அபிகாயில் இன்னும் எதையும் சொல்லியிருக்கவில்லை. செல்லியம்மாள் பிழைத்தாள் என்பதை மட்டும் சொல்லியிருந்தாள். மற்றதைச் சொல்ல வேண்டியவன் வரட்டும் என்று காத்திருந்தாள்.

“பூரப் புட்டி எப்படி உடைஞ்சது சாலமன்?”

அவன் மனைவியைப் பார்த்தான். மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையனின் அசட்டுச் சிரிப்பு ஒன்று உதட்டில் வந்தது. அது இவ்வளவு சின்ன விஷயம் என்றுதான் அந்த நிமிடம் வரை அவன் நினைத்திருந்தான்.

“டியூப்லைட் மாத்தும்போது கை பட்டுடுச்சு. நான் உடனே அதே பொருளை வாங்கி வெச்சுட்டேனே. லேபிளை போட்டோ எடுத்துட்டுப் போய், பாத்து, கரெக்டா...” அவன் குரல் தேய்ந்தது. “அதே பொருள்தானே மேடம்?”

அபிகாயில் சொன்னாள். சுற்றி வளைக்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள். லேபிளில் இருந்த இரண்டுகள் எவை, கடைக்காரர் கேட்ட இரண்டு எது என்று சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவன் முகத்தில் ஒவ்வொரு விளக்காக அணைந்தது. அந்த முகத்தை அவள் அறிவாள். போன மழைக்காலத்திலிருந்து தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிறாள். அவனிடம் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று தேடினாள். தன்னிடமே இல்லாததை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது.

பிரசன்னா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

தீபலட்சுமிதான் முதலில் பேசினாள். “கையில கட்டு போட்டிருந்தீங்களே. கம்பெனில தகடு கிழிச்சதுன்னு சொன்னீங்க.”

“கண்ணாடி.”

“சுத்தி பண்ண நான் பட்ட பாட்டைப் பாத்தீங்க. அதனால பயந்தீங்களா?”

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

“சொல்லியிருந்தா திட்டியிருப்பேன்,” என்றாள் அவள். “ஒரு வேளை பேசாம இருந்திருப்பேன். அவ்வளவுதான்.”

சிட்டிபாபு செத்துப்போயிருந்தார். அவருடைய அண்ணன் மகன் மேல் செய்யாத கொலைக்கான சந்தேகம் விழுந்திருந்தது. அவன் மனைவியின் கடை ஷட்டரில் கரிக்கட்டி எழுத்து இருந்தது. சாலமன் எழுந்தான். நாற்காலி கீழே சாய்ந்ததை அவன் கவனிக்கவில்லை.

“ஸ்டேஷனுக்குப் போறேன் மேடம். நானே போய் சொல்றேன்.”

“வக்கீலுக்குச் சொல்லிட்டேன்,” என்றாள் அபிகாயில். “நேரா அங்க வந்துடுவார். பொட்டலம் என்கிட்ட இருக்கு. நாங்க பின்னாடியே வர்றோம்.”

அவன் வாசலைத் தாண்டியபோது தீபலட்சுமியும் எழுந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்து, செருப்பை மாட்டினாள்.

“நீ வேணாம் தீபா,” என்றான் அவன் திரும்பிப் பார்க்காமல். “நீ இனிமே அங்க வரத் தேவையில்ல. உன்மேல எதுவும் இல்ல.”

அவள் பக்கவாட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“நீங்க போய் அங்கயும் பேரை மாத்திச் சொல்லிடுவீங்க,” என்றாள். “நான் சொல்றேன். நடங்க.”

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். நடுவில் ஓர் ஆள் நடக்கும் அளவு இடம் விட்டுத்தான் நடந்தார்கள். ஆனால் ஒரே வேகத்தில் நடந்தார்கள்.